பழைய கார்டு பாக்கிக்கு ‘செட்டில்மென்ட்’ என்று போன் வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

உங்கள் வீட்டில் யாருக்காவது பல வருடங்களுக்கு முந்தைய கிரெடிட் கார்டு பாக்கியோ பர்சனல் லோன் பாக்கியோ இருந்தால், இந்தப் பதிவை அவர்களிடம் காட்டுங்கள். ‘பைனல் செட்டில்மென்ட்’ என்று சொல்லி என் அண்ணனிடம் ஒருவன் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதில் ஒரு ரூபாய்கூடக் கடன் கணக்கில் ஏறவில்லை. கடன் அப்படியே இருந்தது, பணம் மட்டும் போனது.

அண்ணன் ஜாபர்கான்பேட்டையில் சின்னதாக ஒரு பிரின்டிங் பிரஸ் வைத்திருந்தார். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது மெஷின், பேப்பர் கட்டு, முடித்து வைத்திருந்த ஆர்டர் எல்லாம் தண்ணீரில் போயின. அதற்குப் பிறகு வீட்டுச் செலவு, மெஷின் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் கையில் இருந்த ஒரே வழி ஒரு தனியார் வங்கியின் கிரெடிட் கார்டு. பாக்கி 72,000 ரூபாய் ஆனது. சில மாதங்கள் மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிப் பார்த்தார். கார்டு வட்டி மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கும் மேல், அசல் குறையவே இல்லை. 2016 மே மாதத்தோடு கட்ட முடியாமல் நின்றது. 2018 வரை வசூல் ஆட்கள் போன் செய்தார்கள், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

2024-ல் மறுபடியும் ஒரு போன். வங்கியின் ‘லீகல் டிபார்ட்மென்ட்’டிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் கார்டின் கடைசி நான்கு எண்களைச் சரியாகச் சொன்னான். பழைய வீட்டு முகவரி, விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸாகக் கொடுத்திருந்த அண்ணியின் தம்பி பெயர், எல்லாமே சரி. பாக்கி இப்போது 2,86,000 என்றான். “சார், லோக் அதாலத்துல உங்க பேர் லிஸ்ட் ஆயிருக்கு. இந்த வாரம் முடிக்கலைன்னா வாரன்ட் வந்துரும்” என்றான். வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. மேலே வங்கியின் லோகோ, பக்கத்தில் அசோகச் சக்கரம், கீழே யாரோ போட்ட கையெழுத்து.

காலை ஏழு மணிக்குப் போன், இரவு ஒன்பதரைக்குப் போன். அண்ணன் எடுக்காவிட்டால் அண்ணிக்கு. அப்புறம் அண்ணியின் தம்பிக்கே அழைத்து, “உங்க மாமா பணத்தை வாங்கிட்டு ஓடி ஒளியறாரு” என்று சொல்லியிருக்கிறான். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. “மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பட்டுமா சார்?” என்று கேட்டான். எனக்கு 38,000 ரூபாயைவிட அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இன்றும் கோபம். பெண்ணைப் பெற்ற வீட்டில் அதற்குப் பிறகு யாரால் நிதானமாக யோசிக்க முடியும்?

அன்றிலிருந்து பேரம் வேகமாக நடந்தது. 2,86,000 என்பது 1,20,000 ஆயிற்று. மறுநாளே 38,000 ஆயிற்று. “மந்த் எண்டு சார், சாயந்திரம் ஆறு மணிக்குள்ளே போட்டாத்தான் இந்த ரேட். முதல்ல நல்லெண்ணத்துக்கு ஒரு மூவாயிரம் போடுங்க, ஃபைலை ஹோல்டுல வெச்சுடறேன்.” யுபிஐ-யில் பணம் அனுப்பும் இடத்தில் ஒரு தனி மனிதரின் பெயர் வந்தது. அண்ணன் கேட்டதற்கு, “அது எங்க அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பேரு” என்று பதில். கூடவே, ‘நான் இந்தத் தொகையைக் கட்டச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். முதலில் 3,000, மாலையில் 35,000 போனது. இரவு வங்கியின் லோகோ போட்ட ஒரு கடிதம் வந்தது. 45 நாட்களில் என்ஓசி, அதாவது பாக்கி இல்லை என்ற சான்று வரும் என்று அதில் இருந்தது.

என்ஓசி வரவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு வேறொரு நிறுவனத்திடமிருந்து அதே கார்டுக்குப் பணம் கேட்டுக் கடிதம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் என்னிடம் முழுக் கதையையும் சொன்னார்.

வங்கிக் கிளைக்குப் போனால் “கார்டு விஷயம் எங்களிடம் இல்லை” என்றார்கள். அந்த வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் எழுத்தில் வந்தது: இந்தக் கணக்கை ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டோம், நீங்கள் சொல்லும் நபர் எங்கள் ஏஜென்ட் இல்லை, அந்தக் கடிதத்தை நாங்கள் கொடுக்கவில்லை. அதாவது, 2024-ல் அந்த வங்கிக்கே அண்ணனிடம் கேட்க எதுவும் இல்லை. வராக் கடன்களை வங்கிகள் இப்படி ஏஆர்சி என்கிற நிறுவனங்களுக்கு விற்பது சட்டப்படி நடக்கும் விஷயம்தான். விற்ற பிறகு பணம் கேட்கும் உரிமை வாங்கியவருக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் அவனுக்கு எல்லா விவரமும் எப்படித் தெரிந்தது? ஒரு வசூல் ஃபைல் எத்தனையோ ஏஜென்சிகளின் கை மாறுகிறது. அங்கே வேலை பார்த்த யாரோ பட்டியலைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எப்படியிருந்தாலும், உங்கள் கார்டு எண்ணையும் முகவரியையும் ஒருவன் சரியாகச் சொன்னால், அவனிடம் பழைய ஃபைல் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பணம் வாங்கும் அதிகாரம் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

கடன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி, உங்கள் கடன்களும் அவற்றைக் கட்டிய விவரமும் பதிவாகியிருக்கும் கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அண்ணனின் ரிப்போர்ட்டில் அந்த ஏஆர்சியின் பெயர் பளிச்சென்று இருந்தது.

அதற்குப் பிறகு பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போனோம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும், குறிப்பிட்ட வருமானத்துக்குள் இருப்பவர்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம். நேரில் போக முடியாதவர்கள் 15100-ல் கேட்கலாம். அங்கே எங்களிடம் பேசிய வழக்கறிஞர் அம்மா பொறுமையாக விளக்கினார். அதில் பாதி முன்பே தெரிந்திருந்தால் அந்த வீட்டில் அத்தனை இரவுகள் தூக்கம் கெட்டிருக்காது.

கார்டு பாக்கி கட்டவில்லை என்பதற்காக மட்டும் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது. அது சிவில் விவகாரம். கொடுத்த செக் பவுன்ஸ் ஆனால் கதை வேறு, அது குற்ற வழக்காகும். லோக் அதாலத் என்பது இரண்டு தரப்பும் சம்மதித்தால் மட்டும் முடிக்கிற சமரச மன்றம். அங்கிருந்து வாரன்ட் வராது. ஆனால் உண்மையான நீதிமன்ற சம்மன் வந்தால், எவ்வளவு பழைய கடனாக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள் என்றார். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

அடுத்து அவர் சொன்னது எங்களுக்குப் புதிது. 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, ஒரு சிறு தொகை கட்டி அது உங்கள் கையெழுத்துள்ள எழுத்தில் பதிவானாலோ, மூன்று வருடம் முதலிலிருந்து எண்ணப்படும். கெடு முடிந்த பிறகும், ‘கட்டுகிறேன்’ என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ம் பிரிவுப்படி அது புது ஒப்பந்தம் ஆகிவிடும். அண்ணனிடம் அந்தத் தாளை ஏன் கேட்டான் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. உண்மையான வசூல் ஆட்களும் இதே தாளைக் கேட்பதுண்டாம். ‘நல்லெண்ணத்துக்கு ஆயிரம் ரூபாய்’ என்பதற்கும் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்பதற்கும் யார் கேட்டாலும், வழக்கறிஞரைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். கெடு முடிந்தால் கடன் மறைந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்குப் போடும் வழிதான் அடைபடும். கேட்கும் உரிமையும் கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தப் பதிவும் இருக்கத்தான் செய்யும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் அண்ணன் கடனை முடிக்கத்தான் விரும்பினார். வாங்கியது வாங்கியதுதான் என்றார். மகனின் கல்விக் கடனுக்கு அவர்தான் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எனவே அந்த ஏஆர்சியோடு பேசினோம். இந்த முறை எதுவும் போனில் இல்லை, எல்லாம் மின்னஞ்சலில். ரிசர்வ் வங்கி வெளியிடும் ஏஆர்சி பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். கணக்கு விவரத்தையும், வங்கி கடனை மாற்றிக் கொடுத்ததற்கான கடிதத்தையும் கேட்டு வாங்கினேன். ‘இது சமரசத்துக்கான பேச்சு மட்டுமே, கடனை ஒப்புக்கொள்வதாகாது’ என்ற வரியை வழக்கறிஞர் சொன்னபடி ஒவ்வொரு மின்னஞ்சலிலும் சேர்த்தோம்.

அவர்கள் 1,90,000-ல் தொடங்கினார்கள். நாங்கள் அசலுக்குக் குறைவாக, ஒரே தவணையில் தருகிறோம் என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் பேசவில்லை. “இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்” என்ற அழுத்தம் இங்கேயும் வந்தது. பதில் சொல்லாமல் இருந்தோம். அவர்களே இறங்கி வந்தார்கள். 55,000-க்கு முடிந்தது.

பணம் கட்டுவதற்கு முன் கடிதம் கைக்கு வந்தாக வேண்டும் என்பதில் மட்டும் நான் அசையவில்லை. நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்த கடிதம், அதில் கடன் எண், தொகை, கட்ட வேண்டிய தேதி, இதோடு பாக்கி முழுவதும் தீர்ந்தது என்ற வாசகம், கிரெடிட் நிறுவனங்களுக்குத் தெரிவிப்போம் என்ற உறுதி. பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கு ஒரு டிரஸ்ட் பெயரில் இருந்தது. ஏஆர்சிகள் வாங்கிய கடன்களை டிரஸ்டுகளில்தான் வைத்திருப்பார்கள், அது சகஜம். இருந்தாலும் அவர்களின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நானே அழைத்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் வங்கியிலிருந்து நெஃப்டில் அனுப்பினோம். சில வாரங்களில் பாக்கி இல்லை என்ற சான்று வந்தது.

அந்த ஏமாற்றுக்காரன் “சிபில் சுத்தமாயிடும்” என்றும் சொல்லியிருந்தான். அதுவும் பொய். குறைத்துக் கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்றுதான் வரும். முழுப் பாக்கியும் கட்டினால்தான் ‘குளோஸ்டு’. பின்னால் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசித்துத்தான் பேரம் பேச வேண்டும். பணம் கட்டியும் ரிப்போர்ட்டைத் திருத்தாவிட்டால் புகார் கொடுங்கள். 30 நாட்களைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது.

வசூல் ஏஜென்ட் என்று யார் வந்தாலும், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கேளுங்கள். உண்மையானவர் காட்டுவார். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. உறவினரையும் ரெஃபரன்ஸ் கொடுத்தவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448. போலி ஆளுக்குப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது மாதங்கள் ஓடிவிட்டன, அந்தக் கணக்கில் எதுவும் மிச்சமில்லை.

சைபர் கிரைமில் கொடுத்த புகார் விசாரணையில் இருக்கிறது. 38,000 ரூபாய் இதுவரை திரும்பவில்லை. ‘அவர் எங்கள் ஆள் இல்லை’ என்று எழுதிய வங்கி, தன் வாடிக்கையாளரின் விவரம் எப்படி வெளியே போனது என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதைக் கேட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி லோக் அதாலத் நோட்டீஸும் ‘மந்த் எண்டு’ பேச்சும் உங்களுக்கு வந்திருந்தால், அந்த வாட்ஸ்அப் செய்திகளையும் யுபிஐ ஐடியையும் அழித்துவிடாமல் வைத்து, நீங்களும் 1930-ல் புகார் பதியுங்கள்.