பெயர் ஒட்டாத போத்தலில் வரும் ‘எல்லாப் பிளாஸ்டிக் கம்’ பற்றி ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பு நகரில் பிளாஸ்டிக் தகடு வாங்கி, அதை ஒட்டுவதற்கான கம்மையும் அதே கடைக்காரரிடம் கேட்டு வாங்க நினைப்பவர்கள், எனக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டுப் போவது நல்லது. கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை.

கல்லடியில் சிற்றுண்டி விற்கும் என் தங்கைக்கு, றோல்ஸும் பற்றிஸும் ஈ மொய்க்காமல் அடுக்கி வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி தேவைப்பட்டது. கண்ணாடி பாரம் என்பதால், 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள பெர்ஸ்பெக்ஸ் தகட்டில் நானே செய்து தருவதாகச் சொன்னேன். முன்பக்கத்துக்கும் பக்கங்களுக்கும் தெளிந்த தகடும் பின்பக்கத்துக்குப் பால் வெள்ளைத் தகடும் வாங்கினேன். இரண்டும் ஒரே சாமான்தான் என்று கடைக்காரர் சொன்னதால் இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தேன். கம் கேட்டபோது, எந்தத் தகட்டை எதோடு ஒட்டப் போகிறேன் என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சுப்பர் குளூ ட்யூப்கள் நான்கை எடுத்து மேசையில் வைத்தார்.

தெளிந்த தகடுகள் சில நொடிகளிலேயே பிடித்துக்கொண்டன. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தபோது, மூட்டுகளின் இரு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குத் திருநீறு பூசியதுபோல வெண்மை படர்ந்திருந்தது. சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்தே இறுகுகிறது என்பதும், இறுகுமுன் அதிலிருந்து எழும் ஆவி பக்கத்திலேயே படிந்து இப்படிப் பூக்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. வாவிக் கரை வீட்டில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த ஒட்டு கடினமானதே தவிர வளைந்து கொடுக்காதது. பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்த அதிர்விலேயே ஒரு மூலை விட்டது. வெள்ளைத் தகட்டிலோ அது ஒட்டவேயில்லை. காய்ந்த கம் நகத்தால் சுரண்டியதும் செதிலாக உரிந்து வந்தது.

திரும்பிப் போனேன். கடைக்காரர் உள்ளே சென்று, பெரிய தகரமொன்றிலிருந்து மஞ்சள் நிறமான தடித்த திரவத்தை ஒரு சிறிய போத்தலில் ஊற்றி வந்து, “இது ஒட்டாத பிளாஸ்டிக்கே இல்ல தம்பி, கொண்டு போங்க” என்றார். போத்தலில் பெயரில்லை, செய்த இடமில்லை, காலாவதித் திகதியில்லை. 1,450 ரூபாய் வாங்கினார், பற்றுச்சீட்டு தரவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் மடத்தனம். தின்னர் மணம் வீசிய அந்தப் பசை இரண்டு நாள் பிடித்திருந்தது. கச்சான் காற்று வீசிய மூன்றாம் நாள் மத்தியானம் பசை இளகி, பின்பலகை மெல்ல வழுக்கி இறங்கி, பற்றிஸ் தட்டின்மேல் சாய்ந்தது. அன்றைய வியாபாரம் முழுவதும் குப்பைக்குப் போனது. மீண்டும் கடைக்குப் போனபோது கிடைத்த பதில், “நீங்க ஒட்டின விதம் பிழை” என்பதுதான்.

கல்முனையில் பெயர்ப்பலகைப் பட்டறை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் பெட்டியைக் கொண்டு போன பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. அவர் இரண்டு தகடுகளிலும் நகமளவு துண்டு வெட்டி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழ் ஒட்டியிராதபடி விரலால் அமுக்கிவிட்டார். தெளிந்த துண்டு அடியில் போய்ப் படுத்தது. வெள்ளைத் துண்டு மேலே வந்து மிதந்தது. பெர்ஸ்பெக்ஸ் எனப்படும் அக்ரிலிக் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.18 மடங்கு அடர்த்தியானது, ஆகவே மிதக்காது. மிதந்தது பொலிப்ரொப்பிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக், அதன் அடர்த்தி தண்ணீரின் 0.9 மடங்கு அளவுதான். கொளுத்திப் பார்த்தபோது மெழுகுதிரி அணைந்த மணம் வந்தது. “இத எந்தக் கம்மும் லேசில பிடிக்காது தம்பி, தண்ணியே இதில முத்து முத்தா உருண்டு ஓடுது பாருங்க” என்றார் நானா. விசேட பிரைமர் பூசினாலோ வெப்பக் காற்றால் உருக்கிச் சேர்த்தாலோ தவிர, அந்தத் தகட்டில் சாதாரணப் பசைகள் நிற்பதில்லை. அக்ரிலிக் விலை கொடுத்து மலிவான தகட்டை வாங்கியிருக்கிறேன்.

அக்ரிலிக்கோடு அக்ரிலிக்கைச் சேர்க்க அவர் பயன்படுத்தியது தண்ணீர்போல ஓடும் டைக்குளோரோமீதேன். அதைக் கம் என்று சொல்வதே பிழை. அது இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்து, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. விளிம்பை மட்டமாகத் தேய்த்து, தகடுகளைப் பொருத்தி நிறுத்தி, ஊசி பொருத்திய சிரிஞ்சால் மூட்டோரம் ஒரு கோடு இழுத்தார். திரவம் தானாகவே இடுக்குக்குள் ஓடி, மங்கலாயிருந்த மூட்டு கண்ணெதிரே தெளிந்தது. சில நிமிடங்களில் கையில் எடுக்க முடிந்தாலும், முழுப் பலம் வர ஒரு நாளாவது விட வேண்டும் என்றார். 40 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம் என்பதால், நமது மத்தியான வெயிலில் அது ஓடி முடியுமுன் பறந்து மூட்டில் குமிழ் விட்டுவிடும். அதனால் அவர் காலையில்தான் இந்த வேலையைச் செய்கிறார். அந்த ஆவியைச் சுவாசித்தால் உடலுக்குள் அது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவாக மாறும் என்பதால், கதவைச் சாத்திக்கொண்டு யாரும் இதைச் செய்யக் கூடாது. பீ.வீ.சீ. தகடென்றால் குழாய் ஒட்டும் பீ.வீ.சீ. கம்மே போதும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடலாமென்று யோசித்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். ஆனால் பற்றுச்சீட்டும் இல்லாமல், பெயரும் இல்லாத போத்தலை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவது?

பின்பலகையை இப்போது எட்டுச் சின்ன நட்டும் போல்ட்டும் பிடித்து வைத்திருக்கின்றன. வெண்மை பூத்த முன்மூலை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதன்மேல் தங்கை விலைப்பட்டியலை ஒட்டி வைத்திருக்கிறாள்.