மட்டக்களப்பில் நான்கு ஞாயிறு நேர்முகப் பரீட்சை வகுப்பு: காசு ஒத்திகைக்குத்தான், தாளுக்கு அல்ல

மட்டக்களப்பு நகரில் நடக்கும் நேர்முகப் பரீட்சைப் பயிற்சி வகுப்பு ஒன்றின் மதிப்பீடு இது. நான்கு ஞாயிறு, காலை 8.30 முதல் 1.00 மணி வரை. ஓர் அணியில் 12 பேர். கட்டணம் 6,000 ரூபா. முதல் இரண்டு வாரமும் விளக்கம், பின்னிரண்டும் ஒத்திகை. அந்த ஒத்திகைக்கே 6,000 ரூபா தகும். முதல் நாள் கையில் தருகிற மாதிரி விடைத் தாள்தான் வகுப்பின் பெருங்குறை.

ஒத்திகையில் மேசைக்கு அப்பால் மூவர் இருக்கிறார்கள். ஒருவர் கேட்கிறார், ஒருவர் குறிப்பெழுதுகிறார், மூன்றாமவர் பதில் சொல்பவரின் முகத்தையும் கையையும் மட்டும் பார்க்கிறார். போனில் பதிவு ஓடுகிறது. 90 செக்கன் தாண்டினால் பேனையால் மேசையில் ஒரு தட்டு. முடிந்ததும் பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு பதிலில் ‘அதாவது’ பத்துத் தரம் வருவதை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காதால் கேட்டால் அடுத்த சுற்றிலேயே பாதியாகக் குறைகிறது.

இவர்கள் பிடித்துத் திருத்துகிற மிக முக்கியமான பிழை, வினைச்சொல்லின் கடைசி எழுத்தில் இருக்கிறது. நம்மவர்கள் பணிவு கருதி ‘செய்தோம்’, ‘செய்யப்பட்டது’ என்றே பேசுவார்கள். ஊரில் அது நல்ல பழக்கம். ஆனால் புள்ளி போடுகிறவருக்கு, யார் செய்தது என்பது அதில் தெரியாது. கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் வேலை செய்த ஒருவரின் பதிலை எடுத்துக்கொள்வோம். “இருப்பில் வித்தியாசம் வந்தது, சரிபார்த்து ஒழுங்குபடுத்தினோம்” என்பது முதல் சுற்று. உடனே இரண்டாவது கேள்வி விழுகிறது: “அதில் நீங்கள் செய்தது என்ன?” அங்கே நிற்க இடமில்லை.

திருத்திய பதில் இப்படி வருகிறது: “பதிவேட்டில் 212 மூடை அரிசி, எண்ணினால் 205. முகாமையாளர் கணக்கை என்னிடம் தந்தார். மூன்று நாள் விநியோகத் துண்டுகளை நான் ஒவ்வொன்றாகப் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். கிளைக்கு அனுப்பிய 7 மூடை பதியப்படாமல் இருந்தது. அன்று முதல், லொறி வெளிக்கிட முதல் துண்டில் இருவர் கையெழுத்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தேன்.” நிலைமைக்கு 15 செக்கன், பொறுப்புக்கு 10, செய்த வேலைக்கு 50, பலனுக்கு 15 என்று பிரித்துத் தருகிறார்கள். பெரும்பாலானோர் நிலைமையிலேயே ஒரு நிமிடத்தைச் செலவழிப்பதால்தான் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

இனி அந்தத் தாள். “என் பலவீனம், வேலையை முடிக்காமல் எழும்பமாட்டேன்” என்று அதில் அச்சடித்திருக்கிறது. மட்டக்களப்பு சின்ன நகரம். ஒரே வங்கிக்கு ஒரே கிழமையில் போகிற ஐந்து பேர் ஒரே வசனத்தைச் சொன்னால், மூன்றாவது ஆளிலேயே குழுவுக்கு விளங்கிவிடும். உண்மையான, திருத்தக்கூடிய குறை ஒன்றையும், அதற்கு இப்போது எடுத்துக்கொண்டிருக்கிற முயற்சியையும் சேர்த்துச் சொல்வதே சரி: “சிங்களம் பேசுவேன், கடிதம் எழுத வராது, ஆறு மாதமாக வகுப்புக்குப் போகிறேன், இப்போது படிவம் நிரப்ப முடியும்.” ஆனால் சொன்ன கையோடு சிங்களத்தில் ஒரு கேள்வி வரும். அதற்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

பட்டம் முடித்து அரச நியமனத்துக்குக் காத்திருந்த வருடங்களைப் பற்றிய கேள்விக்கு இங்கே பயிற்சியே இல்லை. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படித்து வெளியேறியவர்களுக்கு அதிகம் இடிக்கிற கேள்வி அதுதான். ‘வீட்டில் இருந்தேன்’ என்று முடிக்கக் கூடாது. தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனை பேர், எத்தனை மாதம். வயல் பார்த்திருந்தால் எத்தனை ஏக்கர், யார் கூலிக் கணக்கு வைத்தது என்று எண்ணோடு சொல்லலாம். அதை வகுப்பு சேர்த்தே ஆகவேண்டும்.

அரச பதவிகளுக்கான பகுதி நன்றாக இருக்கிறது. வர்த்தமானியில் ‘பொது நேர்முகப் பரீட்சை’ என்றிருந்தால் புள்ளி கிடையாது. தகைமையும் ஆவணங்களும்தான் பார்ப்பார்கள். ‘கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை’ என்றால் புள்ளித் திட்டம் உண்டு. இதை வாசிக்காமல் பேச்சுக்கு மட்டும் ஆயத்தமாகிறவர்கள் பலர். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒத்துப்போகாதவர்கள் சத்தியக்கடதாசியை அன்று காலை தேடக்கூடாது. அதற்கு முந்திய கிழமையே சமாதான நீதவானிடம் முடித்து வைக்கச் சொல்கிறார்கள். மூலப்பிரதி ஒரு பைலில், போட்டோகொப்பி இன்னொன்றில், கடிதத்தில் கேட்ட அதே வரிசையில்.

சம்பளக் கேள்வியை மேலோட்டமாகத் தாண்டுகிறார்கள். 60,000 ரூபா அடிப்படைச் சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 4,800 ரூபா கழிந்து, வேறு கழிவு இல்லாவிட்டால் கைக்கு 55,200 வரும். தொழில்தருநர் போடும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் சம்பளத்தில் வெட்டுவதல்ல. ஆகவே தொகை சொல்லும்போது அடிப்படையா, கைக்கு வருவதா என்று சேர்த்துச் சொல்லவேண்டும். பாசிக்குடா ஹோட்டல்களுக்குப் போகிறவர்கள் சேவைக் கட்டணப் பங்கைத் தனியாகக் கேட்கவேண்டும். மாரியில் ஆட்கள் வரவு குறைந்தால் அந்தப் பங்கும் குறையும்.

சூம் நேர்முகத்துக்கு அரை மணிநேரம்தான். போனைக் கண் மட்டத்தில் வைக்கவும், வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கவும் சொல்கிறார்கள், அது போதும்.

அறை பற்றியும் ஒரு சொல். மின்விசிறிச் சத்தம் பதிவில் பேச்சை விழுங்குகிறது. ஒத்திகை நேரத்தில் அதை நிறுத்தினால் வியர்வை, போட்டால் இரைச்சல்; முதல் வரிசையில் இருந்தால் பதிவு ஓரளவு தெளிவாக வரும். ஞாயிறு பஸ் குறைவு என்பதால் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தங்கள் ஒத்திகை முறையை 10 மணிக்குப் பிறகு கேட்டு வாங்கலாம், மறுக்கமாட்டார்கள். மூன்றாவது, நான்காவது ஞாயிறுக்கு மட்டும் 3,500 ரூபா கட்டிச் சேரவும் இடமுண்டு. பதிவின்போது நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.