டெல்லி–லண்டன் அஞ்சே மணி நேரம் என்று சொன்னால் நம்பாதீர்கள்

அப்பா அம்மாவைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறவர்கள், முக்கியமாக அவர்கள் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் என்றால், இதைப் படித்துவிடுங்கள்.

2025 ஜூலையில் அம்மாவை லண்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பினோம். எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸில்தான் டிக்கெட் போட்டோம். தோஹா வழியாக ஒன்று, டெல்லி வழியாக ஒன்று காட்டினார். டெல்லி வழிக்கு 18,000 ரூபாய் கூடுதல். "தோஹா வழின்னா பதினாலு மணி நேரம் சார். டெல்லியிலேருந்து லண்டன் அஞ்சே மணி நேரம், வயசானவங்களுக்கு இதுதான் நல்லது" என்றார். டெல்லியில் பகல் 2, லண்டனில் இரவு 7 என்று இருந்ததைப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் 5 என்றும் எழுதினார். அந்தத் தாளை அம்மா மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். ஆக, பறப்பது ஒன்பதரை மணி நேரம். சென்னை–டெல்லி 1,760 கிலோமீட்டருக்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பிடிக்கிறது; டெல்லி–லண்டன் நேர்க்கோட்டில் பார்த்தாலே சுமார் 6,700 கிலோமீட்டர். போதாக்குறைக்கு ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் வான்வழியை நம் விமானங்களுக்கு மூடியிருந்தார்கள், சுற்றித்தான் போகவேண்டும். சென்னை–டெல்லி மூன்று, அங்கே காத்திருந்தது நான்கு, அப்புறம் இந்த ஒன்பதரை. பதினாறரை மணி நேரம்! கூடக் காசு கொடுத்து அம்மாவை அதிக நேரம் அலைய விட்டிருக்கிறோம்.

ராத்திரி 8 மணிக்கு அம்மாவுக்கு ஊசி. ஏழு மணிக்கே இறங்கிவிடுவோமே என்று, இன்சுலின் பேனாவை ஈரத்துண்டில் சுற்றி, பெரிய பெட்டியில் முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "பெட்டியிலேயே போட்டுடுங்கம்மா, கையில எதுக்குச் சுமை" என்று சொன்னதும் அந்த ஆள்தான். லண்டனில் இறங்கும்போது அம்மாவின் கைக்கடிகாரத்தில் மணி 11.30. இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பியைப் பார்க்கையில் அதே கடிகாரத்தில் ஒன்று தாண்டிவிட்டது. சர்க்கரை 390. நாக்கு வறண்டு, பேச முடியாமல் நின்றார் என்று தம்பி சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

நேரில் போய்க் கேட்டால், "டிக்கெட்ல இருக்கறதைத்தானே சொன்னேன்" என்கிறார். பணமும் தரவில்லை, ஒரு வருத்தமும் இல்லை. அதே தாளில் திரும்பும் விமானம் லண்டனில் இரவு 9, டெல்லியில் மறுநாள் காலை 10.30. அவர் கணக்குப்படி பார்த்தால் பதின்மூன்றரை மணி நேரம். அதை அவர் வட்டம் போட்டுக் காட்டவே இல்லை.

யார் என்ன சொன்னாலும் நேர வித்தியாசத்தைச் சேர்த்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனுக்கு மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை. இன்சுலினை எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். கீழே சரக்கு அறையில் உறைந்துபோனால் அந்த மருந்து உதவாது. டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். வழியில் எந்த நேரத்துக்கு ஊசி போடுவது என்பதையும் கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அம்மா திரும்பி வந்தது அப்படித்தான்.