அப்பாவின் செய்திக்கும் என் விளையாட்டுக்கும் ஒரே டிவி: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டில் டிவி நாளுக்கு எட்டு மணி நேரமாவது ஓடும். அதில் நான் பிளேஸ்டேஷன் 5 விளையாடுவது இரவில் ஒரு மணி நேரம். மற்றதெல்லாம் அப்பாவின் செய்தி, அம்மாவின் தொடர்கள், கிரிக்கெட். 2022 இறுதியில் 55 அங்குல டிவி வாங்கக் கிளம்பியபோது இந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

கடையில் ஓஎல்இடி திரையைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வரும் இடத்தில் புள்ளி அணைந்தே போகிறது. இரவுக் காட்சிகளுக்கு அதற்கு இணை கிடையாது. ஆனால் ஒரே உருவம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அங்குள்ள புள்ளிகள் சீக்கிரம் தேய்ந்து, தடம் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். செய்திச் சேனல்களை நினைத்துப் பாருங்கள்: மூலையில் சின்னம், கீழே சிவப்புப் பட்டை, அதற்கும் கீழே ஓடும் எழுத்து. அப்பா காலை ஆறு மணிக்குப் போட்டால் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். அவரைச் சேனல் மாற்றச் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அதனால், புள்ளிகள் தாமே ஒளிராமல் பின்னொளியால் படம் தெரியும் எல்இடி டிவியை எடுத்தேன். அதன் பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பலகை, விஏ என்ற வகை. நேரே உட்கார்ந்து பார்த்தால் கறுப்பு ஆழமாகவே இருக்கிறது. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்க்கும்போது மட்டும் நிறம் சற்று வெளுக்கிறது.

விளையாடுகிறவர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘120’ என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பேனலே 120 ஹெர்ட்ஸா, அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்குமா என்று கேளுங்கள். 4கே என்ற மிகத் துல்லியமான படம் நொடிக்கு 120 பிரேம் (தனிப்படம்) வர, கேபிள் செருகும் இடம் ஹெச்டிஎம்ஐ 2.1 வகைப் போர்ட்டாக இருக்க வேண்டும். என் டிவியில் நான்கு போர்ட்டுகளில் இரண்டுதான் அப்படி. அவற்றில் ஒன்றை சவுண்ட்பார் எடுத்துக்கொண்டது. இரண்டு விளையாட்டுக் கருவிகள் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே இதை எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். போர்ட்டின் முழு வேகத்தை டிவி அமைப்புகளில் நாமே இயக்க வேண்டியிருந்தது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. நான்கு மாதங்கள் 60 ஹெர்ட்ஸிலேயே விளையாடியிருக்கிறேன். பிளேஸ்டேஷனின் திரை அமைப்பில், இப்போது என்ன வெளியீடு போகிறது என்ற தகவல் இருக்கிறது. முதல் நாளே அதைத் திறந்து பாருங்கள். சரிசெய்த அன்று கார் பந்தயத்தில் வளைவு திரும்பும்போது சாலையோரக் கம்பிவேலி தனித்தனிக் கம்பியாகத் தெரிந்தது. விஆர்ஆர், அதாவது பிரேம் வரும் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, இருப்பதால், பிரேம் எண்ணிக்கை 48க்கும் 120க்கும் இடையில் ஏறி இறங்கினாலும் படம் குறுக்கே கிழிந்ததுபோல் தெரிவதில்லை.

தொடர்களில் முகங்கள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிகிறது என்று அம்மா சொன்னார். டிவி தானாக இடைப் பிரேம்களை உருவாக்கிச் சேர்த்ததுதான் காரணம், அணைத்ததும் சரியாகிவிட்டது. சாதாரணச் சேனல்கள் இவ்வளவு பெரிய திரையில் மங்கித்தான் தெரியும். அம்மா பார்க்கும் நான்கு சேனல்களை ஹெச்டிக்கு மாற்றினோம். டிவியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு, அவருக்குப் பெரிய நிம்மதி.

போன வாரம் திரை முழுவதும் சாம்பல் நிறப் படம் ஒன்றை வைத்து, விளக்கை அணைத்துவிட்டு அருகில் போய்ப் பார்த்தேன். கீழ் விளிம்பில் பின்னொளி ஓரிடத்தில் லேசாகத் திட்டாகியிருக்கிறது. செய்திச் சின்னம் நிற்கும் மூலையில் ஒரு தடமும் இல்லை.