ஷேக்கரா, பம்பா, வேக்குவமா?

ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் எண்டோதீலியல் செல்களுக்கு ஓய்வே கிடையாது. மேலே ரத்தம் உரசிக்கொண்டு ஓடும். ஒவ்வொரு துடிப்புக்கும் அடியில் சுவர் விரிந்து சுருங்கும். ஆய்வகத் தட்டில் வளரும் செல்லுக்கு இந்த இரண்டும் இல்லை. எந்தக் கருவியால் இந்த உரசலையும் இழுப்பையும் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

காசு குறைவென்றால் ஆர்பிட்டல் ஷேக்கர். ஆறு குழித் தட்டை இன்குபேட்டருக்குள் சுழலவிட்டால் போதும், நாள்கணக்கில் ஓடும். ஆனால் ஒரே குழிக்குள் இரண்டு ஊர். விளிம்புச் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசைகட்டும். நடுவில் இருப்பவை பாவிய கூழாங்கல்போல் திசையில்லாமல் கிடக்கும். மொத்தக் குழியையும் சுரண்டி ஆர்.என்.ஏ. (எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் மூலக்கூறு) எடுத்தால் கையில் வருவது கலப்படம். விளிம்பையும் நடுவையும் பிரித்தெடுத்தவர்களின் முடிவைத்தான் நான் நம்புவேன்.

இரண்டு தட்டைப் பரப்புகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடைவெளியில் பம்பு திரவத்தைத் தள்ளும் இணைத்தட்டு அறையில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. உரசல் தகைவு (ஓடும் திரவம் பரப்பின் ஒரு சதுர அலகை உரசி இழுக்கும் விசை) ஓட்டத்தின் அளவுக்கு நேர்விகிதம், அறை உயரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அகலம் 25 மி.மீ., உயரம் 0.25 மி.மீ. என்றால், தமனியில் உள்ளதுபோல் சதுர செ.மீ.க்கு 15 டைன் (விசையின் சிற்றலகு) கிடைக்க நிமிடத்துக்குச் சுமார் 33 மி.லி. மீடியம் (செல் வளர்ப்புத் திரவம்) ஓட வேண்டும். வம்பு அந்த வர்க்கத்தில்தான். திருகைக் கூடுதலாக இறுக்கி, அறை உயரத்தைத் தீர்மானிக்கும் கேஸ்கெட் (இடையில் வைக்கும் மெத்துப்பட்டை) பத்தில் ஒரு பங்கு நசுங்கினால் தகைவு 23 சதவீதம் ஏறிவிடும். பம்போ பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். காற்றுக்குமிழி புகுந்தால் இன்னும் மோசம். ஒருமுறை எனக்கு அது போன தடமெல்லாம் செல்கள் வழித்தெடுத்ததுபோல் காணாமல் போயின.

கூம்பும் தட்டும் கொண்ட கருவியில் செல் தட்டின் மேல் ஒரு கூம்பு சுழன்று மீடியத்தை ஓட்டும். பம்பு வேண்டாம், சீரான தகைவும் தரும். ஆனால் தட்டுக்கு ஒரு கூம்பு, ஒரு மோட்டார் என்று எண்ணிக்கையில் இடிக்கும்.

வேக்குவக் கருவி வேறு ஜாதி. சிலிக்கோன் சவ்வில் செல்லை ஒட்டவைத்து, கீழிருந்து உறிஞ்சி இழுப்பது. சுழற்சியாக ஒரே அச்சில் இழுத்தால் செல்கள் இழுப்புக்குக் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். ஓட்டத்தில் நடப்பதற்கு நேர்மாறு. ரத்தக்குழாய்ச் சுவரின் உள்ளடுக்குக்கு வெளியே இருக்கும் மென்தசைச் செல்லுக்கு இதுவே என் தேர்வு, எண்டோதீலியத்துக்கு இணைத்தட்டு. ஒன்று மட்டும்: சவ்வு அசையும்போது மேலே உள்ள மீடியமும் அலம்பும். அந்த உரசலையும் சேர்த்தே பலர் ‘இழுப்பின் விளைவு’ என்று எழுதிவிடுகிறார்கள்.