914-இல் எஞ்சினை மாற்றினால் ஹீட்டர் எங்கே போகும்?

போர்ஷே 914 என்ற பழைய இரண்டு இருக்கைக் காரில் வேறு எஞ்சின் ஏற்றுபவர்கள் ஹீட்டரை நினைப்பது எல்லா வேலையும் முடிந்த பிறகுதான். நானும் அப்படித்தான். நாலு சிலிண்டர் எஞ்சினை இறக்கி, போர்ஷேயின் இன்னொரு காரான 911-இன் ஆறு சிலிண்டரை ஏற்றி, எஞ்சின் புகையை வெளியே எடுக்கும் பளபளவென்ற ஹெட்டர் பைப்புகளை மாட்டி, அந்தச் சத்தத்திலேயே ஒரு மாதம் மிதந்துகொண்டிருந்தேன். அப்புறம் ஒரு மழை இரவு வந்தது. முன்கண்ணாடி உள்பக்கம் முழுக்க ஆவி படிந்துவிட்டது. ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் துணி. துடைத்த இடம் இரண்டு மூச்சுக்குள் மறுபடி மங்கியது. பழக்கதோஷத்தில் இருக்கைகளுக்கு நடுவிலிருக்கும் சிவப்புக் குமிழ் லீவரை இழுத்தேன். அது வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தது. மறுமுனையில் கேபிளைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இந்த வண்டியில் ஹீட்டர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு தகர உறை இருக்கும். அதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேன் தள்ளும் காற்றில் ஒரு பங்கு அந்த உறைக்குள் புகுந்து சூடாகும். பிறகு மடல் பெட்டி வழியாக, கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்தின் உள்ளிருக்கும் குழாயில் முன்னால் போய், காலடிக்கும் கண்ணாடிக்கும் பிரியும். லீவர் திறப்பது அந்த மடலைத்தான். மடல் மூடியிருந்தால் சூடான காற்று வண்டிக்கு அடியில் வெளியே கொட்டிவிடும். ஆகவே எக்ஸாஸ்ட்டை மாற்றியவன், தனக்கே தெரியாமல் ஹீட்டரையும் கழற்றிப் போட்டுவிட்டான். எக்ஸாஸ்ட் வாங்குவதற்கு முன்பே வெப்பத்துக்கு என்ன வழி என்று முடிவு செய்யாவிட்டால், அதே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

வழிகள் நாலு. எக்ஸ்சேஞ்சரையே தேடிப் பிடிக்கலாம். தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்குப் போய்விடலாம். பெட்ரோல் எரிக்கும் தனி ஹீட்டர் வைக்கலாம். மின்சார ஹீட்டர் வைக்கலாம். இவற்றில் இரண்டை என் வண்டியிலேயே பார்த்துவிட்டேன். மற்ற இரண்டும் நண்பர்களின் வண்டியில் கை வைத்துப் பழகியவை.

எக்ஸ்சேஞ்சரைத் தேடினால்

பழைய எஞ்சினின் எக்ஸ்சேஞ்சரையே திரும்ப மாட்ட முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. நாலு சிலிண்டரில் பக்கத்துக்கு இரண்டு எக்ஸாஸ்ட் வாய், ஆறில் மூன்று. சரி, 911-இன் எக்ஸ்சேஞ்சர்? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 911-இல் எஞ்சின் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தொங்குகிறது. 914-இல் அதே எஞ்சின் கியர்பாக்ஸுக்கு முன்னால், திசை திரும்பி உட்கார்ந்திருக்கிறது. 911-இல் புகை ஃபிளைவீலை (எஞ்சினில் கியர்பாக்ஸ் பக்கம் சுழலும் கனமான சக்கரம்) விட்டு விலகிப் போகும். 914-இல் ஃபிளைவீல் இருக்கும் பக்கமாகத்தான் போயாக வேண்டும், ஏனென்றால் மஃப்ளர், அதாவது சைலன்சர், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதனால் 911-இன் எக்ஸ்சேஞ்சரை அப்படியே மாட்டினால் புகையும் சூட்டுக் காற்றும் தப்பான பக்கம் பார்த்து நிற்கும். வெட்டி ஒட்டித் திருப்பலாம். ஆனால் ஒவ்வொரு வெல்டும் புதிதாக ஒரு கசிவு வாய்ப்பு.

போர்ஷே தொழிற்சாலையே ஆறு சிலிண்டரோடு 914/6 என்று ஒரு மாடலை விற்றது. 911டி-யின் 2 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன். அதற்கென்றே செய்த எக்ஸ்சேஞ்சர் இருக்கிறது. ஆனால் நாலு சிலிண்டர் 914 ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரானபோது, 914/6 மொத்தமே 3,300-க்குச் சற்று மேல்தான். அதன் எக்ஸ்சேஞ்சர் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். கிடைத்ததும் பெரும்பாலும் துருப்பிடித்ததாகவே இருக்கும்.

நல்லதாகக் கிடைத்தால் இதைவிட எளிதான வழி இல்லை. பெட்ரோல் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பழைய கேபிளும் மடலும் குழாயும் அப்படியே வேலை செய்யும். குறை என்னவென்றால் வெப்பம் எஞ்சின் சுற்றுக்கு அடிமை. சிக்னலில் நிற்கும்போது காற்று மூச்சு விடுவது போல வரும். நெடுஞ்சாலையில் மிதித்தால் கணுக்கால் பொசுங்கும். இதைச் சமாளிக்கத்தான் பிற்கால 911-களில் எஞ்சின் அறைக்குள்ளேயே தனி மின்சார ஊதுவிசிறி வைத்தார்கள். அதே உத்தியை 914-இலும் செய்யலாம்.

பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. உறைக்குள் ஓடும் எக்ஸாஸ்ட் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் புகை நேராக உங்கள் மூக்குக்கு வரும். அதனால் பழைய எக்ஸ்சேஞ்சரை வாங்கினால் மாட்டும் முன் சோதித்தே ஆக வேண்டும். நான் செய்வது இது: எக்ஸாஸ்ட் வாய்கள் மூன்றையும் ரப்பர் துண்டும் தகடும் வைத்து இறுக்கி அடைப்பேன். புகை வெளியேறும் முனையில் வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிச் செருகுவேன். பிறகு உறையின் காற்று வாயில் ஒரு மெல்லிய டிஷ்யூத் தாளைப் பிடிப்பேன். தாள் அசையவே கூடாது. அசைந்தால் உள்ளே ஓட்டை. வெளியே தெரியும் வெல்டுகளுக்கு சோப்புத் தண்ணீர் போதும். ஒருமுறை வெளியே புத்தம் புதிதாகத் தெரிந்த ஒன்றில் தாள் கொடி போலப் பறந்தது. விற்றவர், "கருப்புப் பெயின்ட் அடித்தே கொடுத்திருக்கிறேனே" என்றார். அந்தப் பெயின்ட்தான் விஷயமே.

இன்னொன்று, பக்கச் சட்டம். 914-இல் பேட்டரி வலது பின்பக்கம் எஞ்சின் அறையில் இருக்கிறது. அதிலிருந்து சொட்டும் அமிலம் கீழே அரித்துக்கொண்டே போகும்; அந்த இடத்துக்கு 'நரகக் குழி' என்றே பெயர். வலது பக்கச் சட்டம் உள்ளே உளுத்திருந்தால், எவ்வளவு நல்ல எக்ஸ்சேஞ்சர் வைத்தாலும் சூட்டுக் காற்று பாதியில் காணாமல் போகும். எக்ஸ்சேஞ்சருக்குப் பணம் கொடுக்கும் முன் அந்தக் குழியில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள்.

தண்ணீர் எஞ்சின் என்றால்

சுபாருவின் ஈஜே வரிசை எஞ்சின் 914-இல் நன்றாகவே உட்காரும். அதுவும் படுத்த சிலிண்டர் எஞ்சின்தான். ரேடியேட்டர் முன்னால் போகும். அதற்கு நீண்ட குழாய்கள் எப்படியும் இழுக்கத்தான் வேண்டும். கூடவே இரண்டு சின்ன ஹோஸ் போட்டு, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுப் பெட்டிக்குள் ஒரு ஹீட்டர் கோரை (வெந்நீர் ஓடும் சின்ன ரேடியேட்டர்) செருகினால், வேறெந்தக் காரிலும் வருவது போன்ற வெப்பம் கிடைக்கும். எஞ்சின் சும்மா ஓடும்போதுகூட இளஞ்சூடு குறையாது. புகை பயம் இல்லை. வெப்பத்தை மட்டும் வைத்து மார்க் போட்டால் இதுதான் முதலிடம்.

ஆனால் ஹீட்டரை மூடுவதற்கு வால்வு வைக்கும்போது கவனம் வேண்டும். ஈஜே எஞ்சினில் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பார்த்துத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு, தண்ணீர் பம்பின் உள்வாயில் இருக்கிறது. ஹீட்டரிலிருந்து திரும்பும் வெந்நீர்தான் அதன் முதுகைச் சூடாக்கி, எஞ்சின் எவ்வளவு கொதிக்கிறது என்று அதற்குச் சொல்கிறது. ஹீட்டர் ஹோஸைச் சாதாரண வால்வால் அடைத்துவிட்டால் தெர்மோஸ்டாட்டுக்குத் தகவல் போகாது. தாமதமாகத் திறக்கும், எஞ்சின் சூடு ஏறி இறங்கி ஆடும். நாலு வாய் கொண்ட வால்வு வைத்தால், ஹீட்டரை மூடினாலும் தண்ணீர் சுற்றுவழியில் ஓடிக்கொண்டே இருக்கும். நண்பர் ஒருவர் இதைக் கேட்காமல் இரண்டு வாய் வால்வை வைத்துவிட்டு, மூன்று தெர்மோஸ்டாட் மாற்றினார். மூன்றிலும் குறையில்லை.

அடுத்த தலைவலி காற்றுக் குமிழ். ஹீட்டர் கோர் உயரத்தில் இருப்பதால் காற்று அங்கேதான் போய்ப் படுத்துக்கொள்ளும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கொப்பளிக்கும் சத்தம், நன்றாக வந்துகொண்டிருந்த சூடு திடீரென்று குளிர்ந்துபோவது, இரண்டும் அதன் அடையாளம். வண்டியின் மூக்கைத் தூக்கி வைத்து, கோரின் மேலே ஒரு சின்ன காற்றுத் திருகு வைத்துவிட்டால் தீர்ந்தது.

இதற்காக மட்டும் யாரும் சுபாரு எஞ்சினுக்கு மாறமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்தச் சத்தத்துக்காகத்தான் ஆறு சிலிண்டர் வாங்கினோம்.

பெட்ரோல் ஹீட்டர்

இது புது யோசனை இல்லை. 914-க்கு எஞ்சின் கொடுத்த அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் 411, தொழிற்சாலையிலிருந்தே பெட்ரோல் ஹீட்டரோடு வந்தது. எக்ஸாஸ்ட்டின் சூட்டை நம்பியிருக்க வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்கள்.

இன்று எபர்ஸ்பேக்கர், வெபாஸ்டோ போன்றவர்கள் செய்யும் சிறிய காற்று ஹீட்டர்கள் சுமார் 2 கிலோவாட் கொடுக்கும். குளிர் உச்சத்தில், 1 மணி நேரத்துக்கு 150 கன மீட்டர் காற்றை 0 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய இவ்வளவுதான் தேவை. கழற்றி வைக்கும் கூரையோடு இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு இது தாராளம். முழு வேகத்தில் ஓடினாலும் 1 மணி நேரத்துக்கு கால் லிட்டர் பெட்ரோலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எஞ்சின் அணைந்திருந்தாலும் வேலை செய்யும். ஹெட்டர் பைப்பும் அப்படியே இருக்கலாம். ஃபேன் உறையில் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் இரண்டு வாய்களையும் அடைத்துவிட்டால், அந்தக் காற்றும் சிலிண்டருக்கே போகும். அது கூடுதல் லாபம்.

வாங்கும்போது பெட்ரோல் வகையா டீசல் வகையா என்று இரண்டு முறை பாருங்கள். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்ற முடியாது. சூடாக்க எடுக்கும் காற்று வெளியிலிருந்து வர வேண்டும், பெட்ரோல் டாங்க் இருக்கும் முன் டிக்கியிலிருந்து எடுக்கவே கூடாது. அதன் புகைக் குழாய் தரைக்கு அடியில், கண்ணாடிக்குக் கீழுள்ள காற்று வாய்க்கு எட்டாத இடத்தில் முடிய வேண்டும். பெட்ரோலைச் சொட்டு சொட்டாகத் தள்ளும் சின்ன பம்பை, வெளிவாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி, ரப்பர் பிடியில் மாட்ட வேண்டும். ரப்பர் இல்லாவிட்டால் அதன் 'டிக் டிக்' சத்தம் வண்டி முழுக்கக் கேட்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடி எரியறையை ஆற்றும். பழைய வண்டிக்காரர்கள் நிறுத்தியதும் பேட்டரி கட்ஆஃப் சுவிட்சைத் திருப்புவது வழக்கம். அப்படிச் செய்தால் சூடு உள்ளேயே அடைந்து ஹீட்டர் கெட்டுப்போகும். ஹீட்டரின் வயரைக் கட்ஆஃபுக்கு முன்னால், தனி ஃபியூஸோடு எடுத்துவிடுங்கள்.

மின்சாரம்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நாலு சிலிண்டர் 914-இல் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சுமார் 50 ஆம்பியர், அதாவது மொத்தமே 700 வாட். தலைமுடி உலர்த்தும் ட்ரையரே 1,200 வாட் இழுக்கும். 2 கிலோவாட் வேண்டுமென்றால் 140 ஆம்பியருக்கு மேல் தேவை. லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன ஹீட்டரின் 150 வாட்டில் உள்ளங்கை மட்டும் சூடாகும். பெரிய ஆல்டர்னேட்டர், தடித்த கேபிள், ரிலே எல்லாம் போட்டு 600 வாட் பீங்கான் ஹீட்டர் வைத்தால் கண்ணாடியின் ஒரு பகுதியைத் தெளிய வைக்கலாம். வெயில் காலத்தில் மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு அது போதுமென்றால் சரி.

ஆயில் லைனிலிருந்து சூடெடுக்கலாம் என்பவர்களும் உண்டு. 911 எஞ்சினில் ஆயில் நிறைய, சூடும் நிறைய, வாஸ்தவம்தான். ஆனால் அது சூடாக ரொம்ப நேரமாகும். கசிந்தால் 90 டிகிரி ஆயில் உங்கள் காலில் கொட்டும். என் வண்டியில் அதை விடமாட்டேன்.

நான் கடைசியில் பெட்ரோல் ஹீட்டரைத்தான் வைத்தேன். சோதனையில் தேறிய ஒரு ஜோடி 914/6 எக்ஸ்சேஞ்சர் கைக்கு வந்திருந்தால் ஹெட்டரைக் கழற்றியிருப்பேன், மறுபேச்சே இல்லை. வரவில்லை. சிவப்புக் குமிழ் லீவரைக் கழற்ற மனம் வராததால், கேபிள் இருந்த இடத்தில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்தேன். லீவரை மேலே இழுத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து டிக், டிக் என்று பம்ப் தொடங்கும். இன்னும் இரண்டு நிமிடத்தில் கண்ணாடியின் கீழ் ஓரத்திலிருந்து தெளிவு மெதுவாக மேலே ஏறி வரும்.