பார்சிலோனா தொலைபேசி நிலையம்: ஒரு கட்டடம், பல புத்தகங்கள்

ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படிக்க வேண்டும், எதைப் படிக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் ஜார்ஜ் ஆர்வெலின் 'ஹோமேஜ் டு கேட்டலோனியா'. நான் அதை முதலில் படிக்கச் சொல்ல மாட்டேன். புத்தகத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதை முதலில் படிப்பவர் மனதில், அந்தப் போரே இடதுசாரிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட கதையாகத் தங்கிவிடுகிறது. குடியரசு அரசைக் கவிழ்க்க ஜெனரல் ஃபிராங்கோ என்று ஒருவர் எதிரே படையோடு நின்றார் என்பதே மங்கிப்போகிறது. எனக்கு அப்படித்தான் ஆனது. அதைச் சரிசெய்ய இன்னும் நான்கைந்து தடிப் புத்தகங்கள் தேவைப்பட்டன.

அந்த வாசிப்பில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. இந்தப் போரைப் பற்றி எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும், முதலில் 1937 மே 3 எங்கே வருகிறது என்று தேடுவேன்.

அன்று நடந்தது இதுதான். போர் தொடங்கி ஏறக்குறைய பத்து மாதம் ஆகியிருந்தது. பார்சிலோனாவின் கேட்டலோனியா சதுக்கத்தில் இருந்த தொலைபேசி நிலையம், 1936 ஜூலையிலிருந்து சி.என்.டி. என்ற அராஜகவாத (அரசு என்ற அமைப்பே வேண்டாம் என்ற கொள்கை) தொழிற்சங்கத்தின் கையில் இருந்தது. அமைச்சர்கள் பேசுவதைக்கூட அங்கே ஒட்டுக்கேட்க முடியும். திங்கட்கிழமை பிற்பகல், நகரக் காவல் பொறுப்பாளர் ரோட்ரிகஸ் சாலஸ் மூன்று லாரி நிறைய 'தாக்குதல் காவலர்' என்ற காவல் படையினரைக் கூட்டிக்கொண்டு கட்டடத்தைக் கைப்பற்ற வந்தார். கீழ்த்தளத்தில் தடை இல்லை. மேலிருந்து துப்பாக்கி வெடித்தது. அடுத்த சில நாட்கள் குடியரசின் ஆட்களே குடியரசின் ஆட்களைச் சுட்டார்கள். ஒருபக்கம் அராஜகவாதிகளும், 'போவும்' (POUM) என்ற சிறு மார்க்சியக் கட்சியும். மறுபக்கம் கம்யூனிஸ்டுகளும் கேட்டலோனியாவின் மாநில அரசும்.

போவும் கட்சியின் படையில் சேர்ந்திருந்த ஆர்வெல் இதைக் கூரையிலிருந்து சொல்கிறார். போவும் அலுவலகத்துக்குக் காவலாக, எதிரே இருந்த பொலியொராமா திரையரங்கின் கூரையில் மூன்று நாள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த மோகா காபிக் கடைக்குள் காவலர்கள் தடுப்பு எழுப்பிக்கொண்டு பதுங்கியிருந்தார்கள். இரு தரப்புக்கும் சுடுகிற ஆசை இல்லை. நடுவில் பீர் பாட்டில் பேச்செல்லாம் வருகிறது. பொழுது போகாமல் பென்குயின் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன் என்கிறார். ஒரு நகரம் தனக்குள்ளேயே சண்டை போடும்போது அதில் மாட்டியவனுக்குப் பயத்தைவிடப் பசியும் சலிப்பும்தான் பெரிதாகத் தெரியும் என்பதை இவ்வளவு நம்பும்படி சொன்ன இன்னொரு பக்கம் என் வாசிப்பில் இல்லை.

அதே பக்கத்தில் ஒரு தவறும் இருக்கிறது. மோகா கடையில் இருந்தவர்களை 'சிவில் காவலர்' என்ற வேறொரு காவல் படையினர் என்றே எழுதிவிட்டார். அவர்கள் தாக்குதல் காவலர்கள். கேட்டலோனியாவில் அவர்களுடைய சீருடை வேறு மாதிரி இருந்ததாலும், ஊர்க்காரர்கள் எல்லாரையும் ஒரே சொல்லில் 'லா கார்டியா' என்றதாலும் குழம்பிவிட்டேன் என்று பிற்பாடு குறிப்பு எழுதி வைத்தார். கண்ணெதிரே மூன்று நாள் பார்த்தவருக்கே யாரைப் பார்க்கிறோம் என்பது தெரியவில்லை. இதை நினைத்துத்தானோ என்னவோ, புத்தகத்தின் கடைசியில் அவரே எச்சரிக்கிறார்: என் சார்பையும், என் பிழைகளையும், ஒரு மூலையை மட்டும் பார்த்ததால் வந்த கோணலையும் கவனித்துப் படியுங்கள், இந்தக் காலத்தைப் பற்றி வேறு எதைப் படித்தாலும் அதே கவனத்தோடு படியுங்கள். 1938-ல் வந்தபோது 1,500 பிரதி அச்சிட்டார்கள். 1950-ல் அவர் இறக்கும்போது அவை முழுதாக விற்றிருக்கவில்லை.

ஹியூ தாமஸின் 'த ஸ்பானிஷ் சிவில் வார்' நேர் எதிர். 1961-ல் அது வெளிவந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஸ்பெயினில் தோட்டா எதையும் பார்த்தவரும் இல்லை. அவருடைய மே 3-ல் கூரையும் பீரும் இல்லை. வலென்சியாவில் இருந்த மத்திய அரசு என்ன நினைத்தது, கம்யூனிஸ்டுகள் வேண்டுமென்றே தூண்டினார்களா, அராஜகவாதத் தலைவர்கள் ஏன் தங்கள் ஆட்களையே ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னார்கள் என்று எல்லா அறைக் கதவுகளையும் திறந்து பார்க்கிறார். ஆர்வெலின் மூன்று நாளும் இங்கே ஒரு பெரிய ஆட்டத்தில் ஒரு நகர்த்தல். ஆர்வெலுக்குப் பிறகு இதைப் படித்தபோதுதான், அந்த மே மாதம் பிரதமர் லார்கோ காபயேரோவின் பதவியையே பறித்தது என்பது எனக்கு உறைத்தது.

தாமஸுக்கு மனிதர்கள்மேல் ஒரு நாவலாசிரியரின் ஆசை உண்டு. நல்ல சரக்கில் பாதி அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும். நிலம், கூலி, ரொட்டி விலை என்று வந்தால் மட்டும் அவசரமாகக் கடந்துவிடுவார். இந்தப் புத்தகத்துக்கென்று தனி வரலாறும் உண்டு: ஸ்பெயினில் தடை. பாரிஸில் அகதிகள் நடத்திய ருவேதோ இபெரிகோ பதிப்பகம் 1962-ல் ஸ்பானிய மொழியில் போட, எல்லை தாண்டி ரகசியமாக உள்ளே போனது. இப்படிப்பட்ட புத்தகங்களுக்குப் பதில் சொல்லவே ஃபிராங்கோ அரசின் தகவல் அமைச்சகம், போர் ஆய்வுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி ரிக்கார்டோ டெ லா சியெர்வாவிடம் ஒப்படைத்தது. எதிராளியை ஆராய்ச்சி செய்ய வைத்ததே பெரிய சாதனைதான்.

ஆன்டனி பீவர் முன்பு ராணுவ அதிகாரியாக இருந்தவர். 1982-ல் எழுதியதை, சோவியத் ஆவணங்களெல்லாம் திறந்த பிறகு விரித்து எழுதி, 2006-ல் 'த பேட்டில் ஃபார் ஸ்பெயின்' என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அத்தியாயங்கள் சின்னவை, யார் எங்கே எப்போது நகர்ந்தார்கள் என்று தெளிவாகப் புரியும். அவருடைய வாதமும் தெளிவு. புருனேத்தே, பெல்சித்தே, தெருவேல், எப்ரோ என்று குடியரசுப் படை எடுத்த பெரிய தாக்குதல்கள், போர்த் தேவையைவிடப் பிரச்சாரத் தேவைக்காக நடந்தவை. எதிர்பாராமல் தாக்கியதன் பலன் தீர்ந்த பிறகும் பின்வாங்க மனமில்லாமல் நின்று படையை அழித்துக்கொண்டார்கள். எப்ரோ மட்டும் 1938 ஜூலை 25 முதல் நவம்பர் 16 வரை இழுத்தது. இந்த வாதத்தை மறுப்பவர்களும் உண்டு. எனக்கு அது பெரிதும் சரியாகவே படுகிறது. ஒரு குறை: படையணி எண்கள் வரிசைகட்டும் பக்கங்களில் ஆட்கள் அம்புக்குறியாகிவிடுகிறார்கள். இருந்தாலும் ஒன்றும் தெரியாதவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ரொனால்ட் ஃபிரேசர் வேறு வழியில் போனார். அதற்கு முன்பே, மிஹாஸ் என்ற ஊரின் குடியரசுக் கால மேயர் முப்பது ஆண்டு தன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து வாழ்ந்து 1969-ல் வெளியே வந்த கதையை, அவரும் அவர் குடும்பத்தாரும் தங்கள் வாயாலேயே சொல்லவைத்துப் புத்தகமாக்கியிருந்தார். அதே முறையில் 1973 முதல் 1975 வரை முந்நூறு பேருக்கு மேல் பேசவைத்து 1979-ல் கொண்டுவந்ததுதான் 'பிளட் ஆஃப் ஸ்பெயின்'. நவார்ரேயிலிருந்து ஃபிராங்கோ பக்கம் கிளம்பிய, மன்னராட்சி கேட்ட கார்லிஸ்ட் இளைஞர்கள், அஸ்துரியாஸ் சுரங்கத் தொழிலாளர்கள், முதலாளி ஓடிப்போன பட்டறையைத் தாங்களே நடத்திய பார்சிலோனாக்காரர்கள், பாஸ்க் தேசியவாதிகள் எல்லாரும் வருகிறார்கள். பேசும்போது பலருக்கு வயது அறுபதுக்கு மேல். ஃபிராங்கோ இன்னும் உயிரோடு இருந்தார். மே 3-ஐ இதில் தேடிப் போனால், சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே அத்தியாயத்தில் பேசுகிறார்கள். ஆர்வெலுக்கு எதிர்த்தரப்பில் நின்றவர்களின் நியாயம் அவர்கள் குரலிலேயே வருகிறது: முன்னணியில் துப்பாக்கி இல்லாமல் சாகிறார்கள், இவர்கள் நகரத்தில் ஆயுதத்தைப் பதுக்கி வைத்துக்கொண்டு புரட்சி பேசுகிறார்கள் என்ற ஆத்திரம். ஆர்வெலைப் படித்தபோது அந்த ஆத்திரத்தை வெறும் சூழ்ச்சி என்று எண்ணியிருந்தேன்.

ஃபிரேசர் யாரையும் மடக்குவதில்லை. ஒருவர் சொன்னதற்குப் பக்கத்தில் இன்னொருவர் சொன்னதை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிந்தைய நினைவு பிசகும் என்பதும் உண்மை. பின்னணி தெரியாமல் நுழைந்தால் சந்தைக்குள் கண்ணைக் கட்டி விட்டது போல் இருக்கும். நானே முதல் தடவை நூறு பக்கத்தில் மூடி வைத்தேன். ஸ்பானிய மொழிபெயர்ப்புக்கு லூயிஸ் செர்னுடாவின் கவிதை வரி ஒன்று தலைப்பானது: நீ நினைவில் வை, மற்றவர்க்கும் நினைவூட்டு. ஆங்கிலத் தலைப்பைவிட எவ்வளவோ மேல். இந்தப் போரைப் பற்றி என்னிடம் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

பால் பிரெஸ்டனின் 'த ஸ்பானிஷ் ஹோலோகாஸ்ட்' போர்முனையை விட்டுவிட்டுப் பின்னால் நடந்த கொலைகளை எண்ணுகிறது. ஏறக்குறைய 2 லட்சம் பேர். ஃபிராங்கோவின் கலகப் படையின் பக்கம் சுமார் 1.5 லட்சம், குடியரசுப் பகுதியில் 50,000-க்குச் சற்றுக் குறைவு. முதல் தரப்பில் மேலிருந்து திட்டமிட்ட பயங்கரம், இரண்டாம் தரப்பில் பெரும்பாலும் அரசு கலகலத்ததால் கீழிருந்து வெடித்த வன்முறை என்பது அவர் வாதம். மாட்ரிட் அருகே பராகுவெயோஸில் குடியரசுப் பக்கம் நடத்திய கூட்டக்கொலையை அவர் மழுப்பவில்லை. மே 3-ம் இங்கே தெருச்சண்டையாக வருவதைவிட, அதன் பின்விளைவாகத்தான் வருகிறது: அடுத்த மாதமே போவும் தலைவர் ஆந்த்ரேயு நின் சோவியத் உளவாளிகளால் கடத்திக் கொல்லப்பட்டார். ஊர் ஊராகப் பெயர் பெயராகப் போகும் புத்தகம். ஒரு நாளைக்கு இருபது பக்கத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. நாஜிகளின் யூதப் படுகொலையைக் குறிக்கும் 'ஹோலோகாஸ்ட்' என்ற சொல் தலைப்பில் தேவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் கணக்கில் தேவையில்லை, உள்ளே இருப்பதே போதும்.

பிரெஸ்டனை மறுத்துப் படிக்க விரும்பினால் அமெரிக்கரான ஸ்டான்லி பெய்ன் இருக்கிறார். போர் தொடங்கும் முன்பே குடியரசு சட்டத்தின் மீதான பிடியை இழந்துவிட்டது என்பதில் அவர் அழுத்தம் அதிகம். எனக்கு ஒட்டவில்லை.

ஏன் இந்தப் போர் வந்தது என்று கேட்பவருக்கு மேலே சொன்ன எவரும் முழுப் பதில் தருவதில்லை. அதற்கு ஜெரால்ட் பிரெனனின் 'த ஸ்பானிஷ் லேபரின்த்' வேண்டும், 1943-ல் வந்தது. ஆண்டலூசியாவில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே ஆளின் நிலம், கலிசியாவில் கைக்குட்டை அளவு துண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே அராஜகவாதம் ஏன் ஒரு மதம்போல் பரவியது என்று கிராமத்திலேயே வாழ்ந்து பார்த்தவர் எழுதியது. நான் தேடும் மே 3-க்கு இதில் இடமே இல்லை எனலாம். போரே கடைசியில் ஒரு பின்னுரையாகத்தான் வருகிறது.

ஆகவே பீவர், அப்புறம் ஆர்வெல், அப்புறம் ஃபிரேசர். தாமஸ் சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்க அலமாரியில் இருக்கட்டும். ஆர்வெலை வாங்கும்போது மட்டும் பதிப்பைக் கவனியுங்கள். கட்சிச் சண்டைகளை அலசும் இரண்டு அத்தியாயங்களைக் கடைசியில் பின்னிணைப்பாக வைக்க வேண்டும், காவலர் பெயரைத் திருத்த வேண்டும் என்று அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைப் பதிப்பாளர்கள் 1986-ல்தான் நிறைவேற்றினார்கள். கடையில் நின்றபடியே மோகா காபிக் கடை வரும் பக்கத்தைப் புரட்டுங்கள். உள்ளே இருப்பவர்கள் இன்னும் சிவில் காவலர்களாக இருந்தால், அது திருத்தப்படாத பழைய பதிப்பு.